இடது இறக்கை, மூன்றாவது அறை

முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது, ஒரு காசு குறையாமல் இன்றைக்கே கையில் தருகிறார்களாம், பதினான்கு வருஷமாகத் தராதவர்கள், தர வேண்டியிருக்கிறது என்று சொல்லக்கூட வாய் வராதவர்கள்… இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது வாய், நம் மேல் இரக்கப்பட்டா வந்தது, அந்தப் பழைய விமானம், அவள், திரும்பப் பறக்க வேண்டும், அதற்கு நம் கையெழுத்து வேண்டும், அதனால் வந்தது என்று ஊசி மனத்துக்குள் சொல்லிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்தான். கையில் பதினேழாம் எண் சீட்டு. உள்ளே இப்போது பதிமூன்று. ஊசி அவனுடைய பெயர் இல்லை, ஆனால் இந்த விமான ஷெட்டில் முப்பது வருஷம் யாரும் அவனை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை, இறக்கையின் அடிவயிற்றில் இருக்கிற முட்டை வடிவ ஓட்டைக்குள் தோளை மடக்கி, மூச்சை வெளியே விட்டு, சட்டென்று போய்விடுவான், பின்னாலேயே நூல் மாதிரி விளக்கின் ஒயர் மட்டும் போகும், அதனால் ஊசி. இறக்கைக்குள்ளேதான் எரிபொருள் நிற்கிறது, அங்கே அறை அறையாக டேங்க் இருக்கிறது என்று ஏறிப் பறந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்… எரிபொருளை இறக்கிவிட்டு, குழாய் போட்டுக் காற்றடித்து, அப்புறம் ஒருவன் மல்லாந்தும் குப்புறவும் தவழ்ந்து உள்ளே போய், கசிகிற மூட்டில் பழைய பசையைச் சுரண்டிப் புதுப் பசை பூச வேண்டும், அந்தக் காற்றை மூக்கில் வாங்குவதற்கு நாளொன்றுக்குத் தனியாக ஒரு காசு, டேங்க் படி என்று பெயர், அதைத்தான் கம்பெனி அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் அவளை இறக்கி ஓரங்கட்டிய வருஷம் தன்னையும் மூடிக்கொண்டது. கேட்கப் போனால் பூட்டு, பூட்டைக் கேட்டால் என்ன சொல்லும்.

எதிர்ச் சுவரில் அவள் படம், கதவளவுக்கு, மேகத்துக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு… ஊர் உலகம் அவளை மகாராணி என்றது, பத்திரிகையில் அப்படித்தான் போடுவார்கள், ஷெட்டுக்குள் அவளுக்கு மூத்தாள் என்று பெயர், ஏனென்றால் இங்கே வேலை பார்த்த ஒவ்வொருவனுக்கும் அவள்தான் முதல் தாரம், வீட்டில் இருப்பவள் இளையாள், சோறு ஆறினாலும் பிள்ளை அழுதாலும் மூத்தாள் கூப்பிட்டால் ஓட வேண்டும். இன்று காலையிலும் வீட்டுக்காரி விடவில்லை, "என்ன, மூத்தாளுக்கு வயசான காலத்துல புருஷன் ஞாபகம் வந்துடுச்சா, போயிட்டு வா, ஆனா வெறுங்கையா வராதே, என் மெஷினுக்கு வழி பண்ணிட்டு வா" என்றாள். மெஷின் என்றால் துணி துவைக்கிற மெஷின், குளியலறையில் வாளி இருக்கிற மூலையை நூலால் அளந்து முடிச்சுப் போட்டு அந்த நூலை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள்… முப்பது வருஷம் எண்ணெய் நாற்றமடிக்கிற உடுப்பை மூன்று தண்ணீரில் அலசியவள், விரல் முட்டியெல்லாம் வீங்கி இப்போது ஒரு துண்டைப் பிழிய முடியவில்லை, சொட்டச் சொட்டக் கொடியில் போடுகிறாள், கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வருகிறாள். நியாயப்படி அந்த மெஷின் அவளுக்குப் பத்து வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனால் மகாராணிக்குப் புது டயர் வந்திருக்கிறது, புது நாற்காலித் துணி வந்திருக்கிறது, இரண்டு வருஷமாகப் பணக்காரர்கள் கூடி அறக்கட்டளை என்று ஒன்று வைத்து, கம்பெனியின் பழைய கணக்கோடு அவளை வாங்கி, துடைத்து, சாயம் அடித்து… பறக்கலாமா கூடாதா என்று டிவியில் ஒரு மாதமாக அதே பேச்சுத்தான். ஒருவர் அவள் நம் இளமை என்கிறார், ஒருவர் எண்ணெய் குடிக்கிற பேய் என்கிறார், ஒருவர் கண்காட்சியில் நிறுத்தி டிக்கெட் போடுங்கள் என்கிறார், ஒரு அம்மாள் கல்யாணம் முடிந்து அவளில் ஏறித்தான் போனாளாம், சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழட்டும், ஏறினவர்கள் அழட்டும், வயிற்றுக்குள் படுத்துக் கிடந்தவனை யார் கேட்டார்கள், பறக்க விடலாமா என்று ஒருத்தனாவது இந்தப் பக்கம் வந்து கேட்டானா… கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய். வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஏன் என்று கேட்டால்…

அவர்கள் கேட்பது வேறு. சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்த தாளை மறுபடி எடுத்துப் பிரித்தான், விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, அவசரமில்லாமல்… வாசிக்க வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியும் விரல் வைக்காமல் அவனுக்கு வரி நிற்காது. இந்த விமானத்தில் நான் செய்த எல்லா வேலைகளும் எழுதிக் கொடுக்கப்பட்ட முறைப்படியே செய்யப்பட்டன, எனக்குத் தெரிந்து மறைக்கப்பட்ட குறை எதுவும் இல்லை. அவ்வளவுதான், இரண்டு வரி, கீழே ஒரு கோடு, கோட்டின் மேல் பெயர் எழுத வேண்டும். பழைய வேலைக் கார்டுகளில் பாதிக்கு மேல் கைநாட்டாம், கைநாட்டைப் பார்த்து யார் வேலை செய்தது என்று எப்படி நம்புவது, ஆளைக் கூட்டி வந்து எழுதி வாங்குங்கள், அப்புறம்தான் பறக்க அனுமதி என்று சர்க்கார் விமான ஆபீஸ் சொல்லிவிட்டதாம். அன்றைக்குக் கைநாட்டுப் போதும் என்றவர்கள் இன்றைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மறைக்கப்பட்ட குறை எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்து. அந்த 'எனக்குத் தெரிந்து' என்கிற இடத்தில் அவன் விரல் நின்றது, நகம் அந்த இடத்தைச் சுரண்டியது, பசையைச் சுரண்டுகிற பழக்கம்.

"என்னடா ஊசி, இன்னும் துருப் பிடிக்கலையா" என்று முதுகில் ஒரு தட்டு. பாட்டுக்காரன். பதிமூன்றாம் எண்ணுக்குப் போய்விட்டு வெளியே வருகிறான், சட்டைப் பை புடைத்திருக்கிறது, பல் இல்லாத இடத்திலும் சிரிப்பு இருக்கிறது. டேங்குக்குள் ஒருவன் இருந்தால் ஓட்டைக்கு வெளியே ஒருவன் நின்றுகொண்டே இருக்க வேண்டும், சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளே இருப்பவனுக்குத் தலை சுற்றினால் இழுத்துப் போட வேண்டும், அதுதான் இவன் வேலை, மற்றவர்கள் சுத்தியலால் தட்டுவார்கள், இவன் பாடுவான், எல்லாப் பாட்டையும் தப்புத் தப்பாகப் பாடுவான், உள்ளேயிருந்து ஊசி கெட்ட வார்த்தையில் திட்டினால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம், திட்டு வரவில்லையென்றால் காலைப் பிடித்து இழுப்பான், இரண்டு தடவை அப்படி இழுத்திருக்கிறான். இரண்டு தடவை. அந்தக் கணக்கை ஊசி மறந்ததில்லை. "போட்டுட்டியா" என்று கேட்டான். "போடாம, பேரை எழுதறதுக்குள்ள வேர்த்துடுச்சுடா, கடைசியில பழையபடி கட்டை விரல்தான், பக்கத்துல அந்தப் பொண்ணே என் பேரை எழுதிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து பணத்தை எடுக்காமல் ஒரு அட்டையை எடுத்தான், இரண்டு விரலால், ஈரம் படக்கூடாத சாமான் மாதிரி. "இதைப் பாரு. படி மட்டும் இல்லடா, போட்டவங்களுக்கெல்லாம் முதல் பயணத்துல ஒரு சீட்டு. வர்ற ஞாயித்துக்கிழமை. எனக்கு ஜன்னலோரம். எந்தப் பக்கம்னு நீதான் படிச்சுச் சொல்லேன், பெரிய படிப்பாளி." ஊசி வாசித்தான். இடது பக்கம். எண்ணைப் பார்த்து வரிசையை எண்ணிப் பார்த்தான், அவனுக்கு எல்லா வரிசையும் தெரியும், அடியிலிருந்து. இறக்கைக்கு நேர் மேலே. "உனக்கு எதுக்குடா இது, ஏணியில ஏறினாலே கால் நடுங்கும்" என்றான். "நடுங்கட்டும். முப்பது வருஷம் அண்ணாந்து அவ வயித்தையே பாத்துட்டு நின்னேன், ஒரு தடவை உள்ள உக்காந்து கீழ பாத்துட்டா போதும், அப்புறம் செத்தாலும் சரி. புதுச் சட்டை தைக்கக் குடுத்தாச்சு. நீயும் வாங்கிக்கோ, பக்கத்து சீட்டாக் கேளு, பாடிக்கிட்டே போலாம்." செத்தாலும் சரி என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான், செத்துப்போக மாட்டோம் என்று நம்புகிறவன்தான் அப்படிச் சொல்வான்…

எல்லாம் அந்த மடிப்பினால் வந்தது. அந்த நாளில் டேங்குக்குள் போகிற ஆறு பேரில் ஒருவனுக்கும் எழுத்துத் தெரியாது, கார்டில் என்ன வேலை என்று எழுதியிருக்கும், எழுதியிருந்து என்ன பயன், அதற்காக இன்ஸ்பெக்டர் ஒரு வழி வைத்திருந்தார், இன்ஸ்பெக்டர் என்று யார் சொன்னார்கள், முத்திரைக்காரர் என்றுதான் சொல்வோம், இடுப்புப் பட்டையில் சங்கிலி போட்டு ஒரு சின்ன முத்திரை தொங்கும், அவர் தொப்பைக்கு அந்த ஓட்டையில் தலை நுழையும், தோள் நுழையாது, வேலை முடிந்ததும் கண்ணாடியும் விளக்கும் வைத்து எட்டிப் பார்த்து முத்திரை குத்துவார். கார்டை எங்களிடம் தரும்போது மேல் மூலையில் ஒரு மடிப்பு மடித்துத் தருவார், வலது மூலை மடிந்திருந்தால் பசை பூசி மூடு, இடது மூலை மடிந்திருந்தால் சுரண்டிச் சுத்தம் பண்ணி அப்படியே திறந்து வை, நான் வந்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூட வேண்டும். கவுரவமான ஏற்பாடு, ஒருத்தன் முன்னாலும் உனக்குப் படிக்கத் தெரியாதே என்று வாய் திறந்து சொன்னதில்லை, மடிப்பார், தருவார், முதுகில் தட்டுவார், ஊசி செய்தால் சரியாக இருக்கும் என்பார். அந்த வார்த்தைக்காக ஊசி எந்த ஓட்டைக்குள்ளும் போவான். அன்றைக்கு இடது இறக்கை, மூன்றாவது அறை, பின்பக்கம் இறக்கையின் முதுகெலும்பு மாதிரி ஓடுகிற பெரிய தண்டு வந்து சேருகிற மூட்டு, பாட்டுக்காரன் வெளியே பாடிக்கொண்டிருந்தான், பழைய பசையை எல்லாம் சுரண்டி எடுத்தாகிவிட்டது, அப்புறம் என்ன என்று பையிலிருந்து கார்டை உருவி விளக்கில் பார்த்தான், மடிப்பு வலது பக்கம், கீழே, பெருவிரலுக்கு அடியில். பூசினான். விரலால் தடவித் தடவி, ஒரு குமிழி இல்லாமல், அவன் பூசியதிலேயே அழகான பூச்சு அது.

கீழே. மடிப்பு எப்போதும் மேலேதானே இருக்கும் என்று ஏன் தோன்றவில்லை… எழுத்துத் தெரிந்தவன் கையில் தாள் தலைகீழாக ஒரு நொடிகூட நிற்காது, தெரியாதவனுக்குத் தாளுக்குத் தலை ஏது கால் ஏது. மூன்று வாரம் கழித்து வேறொரு வேலைக்கு வேறொரு கார்டு, உள்ளே படுத்துக்கொண்டு பார்த்தபோது மடிப்பு கீழே இருந்தது, கையை லேசாகச் சுற்றினான், வலது இடது ஆனது, இன்னொரு தடவை சுற்றினான், இடது வலது ஆனது, டேங்குக்குள் குளிர்ந்த அலுமினியத்தில் படுத்திருந்தவனுக்கு உச்சந்தலையிலிருந்து வேர்வை இறங்கியது, பாட்டுக்காரன் பாட்டை நிறுத்திவிட்டு "டேய், திட்டுடா, திட்டு" என்று கத்தினான், திட்டு வரவில்லை, காலைப் பிடித்து இழுத்துவிட்டான். அதுதான் அந்த இரண்டாவது தடவை. காற்றால் மயங்கினான் என்று எழுதினார்கள். அதற்குள் அவள் எத்தனை தடவை போய்வந்துவிட்டாள்… முத்திரைக்காரர் எட்டிப் பார்த்திருப்பார், மூடியிருப்பதைப் பார்த்து, ஊசி செய்தால் சரியாக இருக்கும் என்று நம்பிக் குத்திவிட்டிருப்பார், அவர் நம்பிக்கையில் மண்ணைப் போட்டவன் நான், போய்ச் சொல், இப்போதே போய்ச் சொல்… சொன்னால் வேலை போகும், வேலை போகட்டும், அவர் முத்திரையும் போகும், பிள்ளைகுட்டிக்காரர், நாளைக்குச் சொல்லலாம், திங்கட்கிழமை சொல்லலாம், இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே… அப்படியே ஒன்பது வருஷம். ஒன்பது வருஷம் அவள் கிளம்பினால் இவன் நெஞ்சில் ஏதோ கிளம்பும், இறங்கினால்தான் இறங்கும், கிளம்பும் நேரமும் இறங்கும் நேரமும் பலகையில் போட்டிருப்பார்கள், அதை வாசிப்பதற்காகத்தான், ஆமாம், வேறு எதற்காகவும் இல்லை, நாற்பத்து நான்காவது வயதில் கூலிக்காரர்களுக்கென்று சாயங்காலம் நடக்கிற வகுப்பில் போய்ச் சின்னப் பெஞ்சியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தான், ஒரே வருஷத்தில் வாசிக்க வந்துவிட்டது, வாத்தியார் மெச்சினார், எதனால் வந்தது என்று வாத்தியாருக்கு எப்படித் தெரியும். அவளைக் கடைசியாக இறக்கிய அன்று ஷெட்டு முழுக்க அழுதது, ஊசியும் அழுதான், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சமாதானம் சொன்னார்கள், அப்பாடா, இனி அவள் மேலே போக மாட்டாள் என்று அழுகிற ஒருத்தன் அந்தக் கூட்டத்தில் இருக்கிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை. பதினான்கு வருஷம் புல் முளைத்த மூலையில் நின்றாள், இயந்திரத்தில் குருவி கூடு கட்டியது, நிம்மதியாகத் தூங்கினான். இப்போது குருவியைத் துரத்திவிட்டார்கள்.

"பதினேழு." எழுந்தான். பாட்டுக்காரன் போகவில்லை, பக்கத்து சீட்டை வாங்கித் தருகிறவன் மாதிரி கூடவே உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டான். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு அவன் கடைசி மகளின் வயது இருக்கும், அறக்கட்டளையின் எஞ்சினியராம், கையில் எண்ணெய்க் கறை இருந்தது, அதைப் பார்த்ததும் அவனுக்குக் கொஞ்சம் பிடித்துவிட்டது, பிடிக்காமல் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "வாங்க ஐயா, உக்காருங்க. உங்க கைநாட்டுதான் ரொம்பக் கார்டுல இருக்கு, நானூத்திச் சொச்சம். உங்களை நேர்ல பாக்கணும்னு எனக்கு ஆசை" என்றாள். முன்னால் மஞ்சள் உறை இருந்தது. உறைக்குள் முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது இருந்தது. அதற்குள் ஒரு மெஷின் இருந்தது, மெஷினுக்குள் வீட்டுக்காரியின் இரண்டு கையும் இருந்தன. அந்தப் பெண் பேனாவைத் திறந்து கொடுத்தாள். பெயர்தானே, எழுது, எத்தனையோ பேர் எழுதிவிட்டுப் போனார்கள், ஒன்பது வருஷம் ஒன்றும் ஆகாதது இனி ஆகுமா, இந்தக் காலத்தில் எக்ஸ்ரே இருக்கிறது, கேமரா இருக்கிறது, இவர்கள் பார்த்திருக்க மாட்டார்களா… "ஏம்மா, டேங்க் எல்லாம் திறந்து பாத்தீங்களா" என்று கேட்டான், தன் குரல் தனக்கே எங்கோ ஓட்டைக்கு வெளியே கேட்டது. "எல்லாத்தையும் திறக்க முடியாதுங்க ஐயா, கசியிற இடத்தை மட்டும் திறந்தோம். மத்ததுக்கு ரெக்கார்டு இருக்கே, பார்த்ததாக் கார்டு இருந்தா திரும்பப் பார்க்கத் தேவையில்லைன்னு விதி." "இடது இறக்கை, மூணாவது அறை, பின்பக்கத் தண்டு சேர்ற மூட்டு." "அது கசியவே இல்லை. ரொம்ப நல்ல பூச்சுங்க அது." நல்ல பூச்சு. ஊசி சிரித்துவிட்டான், சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. "அதை நான் மூடியிருக்கக் கூடாதும்மா" என்றான்.

சொல்லிவிட்டான். மடிப்பு, மூலை, தலைகீழ், எல்லாவற்றையும் சொன்னான், ஓட்டைக்குள் போகும்போது மூச்சை வெளியே விடுவதுபோல முழுக்க விட்டுவிட்டான், முத்திரைக்காரர் செத்து ஆறு வருஷம் ஆகிறது, அவர் மேல் தப்பில்லை, அவர் என்னை நம்பினார் என்பதையும் சொன்னான், சுவரோரம் பாட்டுக்காரன் இருமுவது கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் பதறவில்லை, இரும்புப் பீரோவைத் திறந்து தேதி கேட்டு, கட்டைப் பிரித்து, அந்தக் கார்டையே எடுத்துவிட்டாள், ஒரு தாள் விடாமல் கம்பெனியிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறார்களாம். "பாருங்க ஐயா, நீங்க வீணா மனசைப் போட்டு உழப்பிக்கறீங்க. ஆய்வு முடிஞ்சிருக்கு. மூட்டு திறந்த நிலையில் பார்வையிடப்பட்டது, விரிசல் இல்லை. முத்திரை இருக்கு பாருங்க." தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். இருபத்துமூன்று வருஷம் கழித்து, அதே மூலையில் அதே மடிப்பு, தழும்பு மாதிரி ஒரு கோடாக. அவன் விரலை வைத்தான். திறந்த நிலையில். பார்வையிடப்பட்டது. விரிசல் இல்லை. முத்திரை. தேதி. காலை பத்து மணி இருபது நிமிடம். விரல் அங்கே நின்றது. பத்து இருபதா… பத்து இருபதுக்கு நான் எங்கே இருந்தேன், எரிபொருள் இறக்கவே ஒன்பதரை, காற்றுக் குழாய் மதியம் வரை ஓட வேண்டும், சாப்பிட்டுவிட்டுத்தானே போனேன், குப்புறப் படுக்க வயிறு இடித்ததே… "டேங்குக்குள்ள ஆள் போற நேரம், வர்ற நேரம் எழுத ஸ்டோர்ல ஒரு நோட்டு உண்டும்மா. அது இருக்கா" என்றான். இருந்தது. அதையும் அவளே பிரித்தாள், ஆனால் இந்தத் தடவை வாய்விட்டு வாசிக்கவில்லை, அவன்தான் வாசித்தான். இடது மூன்று. உள்ளே, பிற்பகல் இரண்டரை. வெளியே, நான்கு ஐந்து.

வெளியே ஷெட்டில் யாரோ இரும்பு ஏணியை இழுத்துப் போகிற சத்தம். நான் உள்ளே போவதற்கு நாலு மணி நேரம் முன்னாலேயே பார்த்தாகிவிட்டது, பார்க்காமலே, சுரண்டாத மூட்டைத் திறந்த நிலையில் பார்த்தாகிவிட்டது, கார்டு என் கைக்கு வரும்போதே முத்திரை அதில் இருந்தது, என் கண் முன்னாலேயே இருந்தது, விளக்கு வெளிச்சத்தில், மடிப்பைத் தேடிய கண்ணுக்கு அது வெறும் நீல மை… அப்படியானால் நான் மூடினால் என்ன, திறந்து வைத்தால் என்ன, அவர் வரப்போவதே இல்லை. இருபத்துமூன்று வருஷம் யாருக்காக வேர்த்தேன். பாரம் இறங்கியிருக்க வேண்டும், ஏன் இறங்கவில்லை, கோபம் வர வேண்டும், அதுவும் ஒழுங்காக வரவில்லை, பத்திரமாக வைத்திருந்த சாமான் அடுத்தவனுடையது என்று தெரிந்த மாதிரி கை மட்டும் காலியாக இருந்தது. "அப்ப அந்த மூட்டை யாருமே பார்க்கல" என்றாள் அந்தப் பெண், மெதுவாக. "யாருமே பார்க்கல." "இன்னும் எத்தனை கார்டு இப்படி இருக்குமோ, ஐயா." அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். "மேல சொல்லித்தான் ஆகணும். திறந்தா ஞாயித்துக்கிழமை போச்சு, இந்த வருஷமே போச்சு, திறக்க விடுவாங்களான்னும் தெரியல… நீங்க எழுதித் தந்தீங்கன்னா என் கையில ஒரு பிடி இருக்கும்." கையெழுத்துக் கேட்ட அந்தத் தாளையே திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் ஊசி எழுதத் தொடங்கினான், நான், இடது இறக்கை, மூன்றாவது அறை, எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது, ஒன்றோடு ஒன்று பேசாத பங்காளிகள் மாதிரி, நான்கு வரிக்குக் கால் மணி நேரம், அவள் அவசரப்படுத்தவில்லை. கீழே பெயரை எழுதினான். ஊசி என்று அல்ல.

"டேய்" என்றான் பாட்டுக்காரன், சுவரோரத்திலிருந்து. "இருபத்துமூணு வருஷம் வாயில பசையைப் பூசிக்கிட்டு இருந்தவனுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்க முடியலையா. சட்டைக்குத் துணி வெட்டிட்டான்டா தையக்காரன்." சிரிக்கிறானா என்று ஊசி திரும்பிப் பார்த்தான். அட்டையை இரண்டு விரலால் பிடித்தபடி அதில் இல்லாத எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். "உன்னை ரெண்டு தடவை இழுத்துப் போட்டேன்" என்று சொன்னான், கணக்குச் சொல்கிற மாதிரியும் இல்லை, குற்றம் சொல்கிற மாதிரியும் இல்லை, அப்புறம் வெளியே போய்விட்டான், போகும்போது எதுவும் பாடவில்லை.

"முன்பக்கம் கையெழுத்து இல்லாம படியைத் தர எனக்கு அதிகாரம் இல்லைங்க ஐயா. இன்னைக்கோட பழைய கணக்கை மூடறாங்க. போடாதவங்க பேருக்கு நேரா, இனி கொடுக்க வேண்டியதில்லைன்னு நான் எழுதணும்" என்றாள் அந்தப் பெண், தலையைக் குனிந்துகொண்டு. எழுதிக்கொள்ளுங்கள் என்றான். நூலில் போட்ட முடிச்சை வீட்டுக்காரி அவிழ்ப்பாளா, அப்படியே ஆணியில் விட்டுவிடுவாளா, மூத்தாள் உன்னையும் மொட்டையடித்து அனுப்பிவிட்டாளா என்று கேட்பாள், கேட்கட்டும்… மேஜை மேல் அந்தக் கார்டு இன்னும் கிடந்தது, நீல முத்திரையோடு. முத்திரைக்காரர் நல்ல மனுஷர், ஒருத்தனையும் படிக்காதவன் என்று சொன்னதில்லை. சாயங்கால வகுப்பு முடித்து முதல் தடவையாகக் கார்டை அவர் முன்னால் சத்தமாக வாசித்துக் காட்டினேனே, எவ்வளவு சந்தோஷப்பட்டார், முதுகில் தட்டினார், அடுத்த வாரமே என்னை டேங்கிலிருந்து எடுத்துச் சக்கரம் கழுவப் போட்டார், உன் நெஞ்சு இனித் தாங்காதுடா ஊசி என்றார், படி போனது, ஆனாலும் என் நெஞ்சை நினைத்தாரே என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன், அவர் சாவுக்குப் போய் நின்றேன். எனக்குப் பிறகு டேங்குக்குள் போனவன் தாடி, தாடிக்குப் பிறகு குட்டையன், அப்புறம் அந்த இரட்டையர்… அதில் ஒருத்தனுக்காவது எழுத்துத் தெரியுமா. தெரியாது. ஒருத்தனுக்கும் தெரியாது. உடம்பு ஒடுங்கியவனாகப் பார்த்து எடுக்கிறார் என்றுதானே நினைத்திருந்தோம்… அந்தப் பெண் பழைய கணக்கை எடுத்து, அவன் பெயரைத் தேடி, முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பதின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள், ஓரத்தில் தள்ளுபடி என்று எழுதினாள், ஒருவேளை நிஜமாகவே என் நெஞ்சை நினைத்துத்தான் மாற்றினாரோ என்று ஊசி கேட்டுக்கொண்டான், யாரிடம் கேட்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.